முசியே சொன்ன தீர்ப்பும் அந்தத் திங்கட்கிழமையும்

முழங்கால் இரண்டும் முகவாயில் இடிக்க, மீசை வைத்த ஆம்பிளைகள் எல்.கே.ஜி. பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முசியேவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் இல்லை, இந்தக் காட்சிதான். முதலியார்பேட்டையில் அவர் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயாவாக இருந்தேன். மணி அடிப்பது, வகுப்பு பெருக்குவது, பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிடுவது என் வேலை. பகலில் அவர் பள்ளிக்கூடத்து முதலாளி. சாயங்காலம் ஆனால் ஊர் கால்பந்து லீக்குக்குச் செயலாளர். லீக்குக்கென்று சொந்தமாக ஓர் அறைகூடக் கிடையாது. அதனால் கிளப்புகளுக்குள் வரும் சண்டையெல்லாம் பள்ளி விட்டபிறகு எங்கள் எல்.கே.ஜி. வகுப்பில்தான் தீரும். ஆபீஸ் அறையில் நாற்காலிகள் இருந்தும் எடுத்துப் போடச் சொல்லமாட்டார். “குட்டி பெஞ்சில குந்திகினு எவனாலயும் ரொம்ப நேரம் கத்த முடியாது ஆயா” என்பார். பேச வேண்டுமானால் பிள்ளைகளைப் போலக் கை தூக்க வேண்டும். மைதானத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்துக்கொண்டு வந்தவர்கள், இங்கே கை தூக்கிவிட்டு முறை வரும்வரை காத்திருப்பார்கள்.

அவர் ஆப்பிரிக்காவில் டோகோ என்ற நாட்டுக்காரர். வகுப்பில் தொங்கும் உலகப்படத்தில் அவரே விரல் வைத்துக் காட்டினால்தான் எனக்கு அது கண்ணில் படும், அவ்வளவு ஒல்லியான நாடு. இங்கே படிக்க வந்தவர், உள்ளூர் கிளப்புக்குப் பந்து ஆடினார். முட்டி உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டுப்போட்ட நர்சம்மாவையே கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள்தான் முதலில் அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று அழைத்தார்கள். பிறகு மீன்காரம்மா வரைக்கும் எல்லோருக்கும் முசியே ஆனார். தமிழை அவர் மைதானத்தில் கற்றதால் கெட்ட வார்த்தைகள்தான் முதலில் வந்தனவாம். பள்ளிக்கூடம் வைத்தபிறகு நர்சம்மா அவற்றை ஒவ்வொன்றாக மறக்கவைத்தார்.

நான் சொல்ல வந்தது ஒரு வருஷத்துக் கோப்பையைப் பற்றி. அந்த வருஷம்தான் மெயின் ரோட்டில் மஞ்சள் பஸ் விட்டு ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தது. எங்களிடம் மிஞ்சியிருந்தவர்கள் எல்லாம் பேட்டைப் பிள்ளைகள்தான், அதிலும் பாதிக்கு மேல் பேட்டை கால்பந்து அணிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். அணியின் கேப்டன் ஆட்டோ ஓட்டுபவர். தன் பிள்ளைகள் இருவரோடு தெருப் பிள்ளைகளையும் அவர்தான் ஏற்றிவருவார். அவர்களும் போய்விட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் ஏற்கெனவே மூடிவிட்டது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

கடைசி ஆட்டத்தில் பேட்டை அணி தேங்காய்த்திட்டு அணியை ஜெயித்தது. மறுநாளே தேங்காய்த்திட்டுக்காரர்கள் முறையிட்டார்கள். பேட்டை அணியில் முன்வரிசையில் ஆடிய பையனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி விருந்துக்கு பாகூர் பக்கம் மாமனார் ஊருக்குப் போயிருக்கிறான். மாமனார் தாம்பாளத்தில் வேட்டி சட்டையோடு தங்கள் ஊர் கிளப் பனியனையும் மடித்து வைத்துக் கொடுத்திருக்கிறார். புது மாப்பிள்ளை, மறுக்க வாய் வருமா? மாட்டிக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடிவிட்டான். அந்த ஊரும் இதே லீக்கில் இருக்கிறது. ஒரு வருஷத்தில் இரண்டு கிளப்புக்கு ஆடக்கூடாது என்பது விதி.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பக்கத்தாரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

கேப்டன் கை தூக்கினார். “விருந்துக்குப் போன எடத்துல மாமனார் தட்டுல வெச்சிக் குடுத்தத வாணாம்னு சொல்ல முடியுமா முசியே? அப்பறம் அந்தப் பொண்ணு இவன்கூட வந்து வாழுமா?”

“கறிசோத்தையும் தின்னுட்டு கோலும் போட்டுட்டு வந்திருக்கான், கில்லாடி மாப்ள!” என்றார் தேங்காய்த்திட்டுக்காரர் ஒருவர்.

முசியே மாப்பிள்ளையைப் பார்த்தார். “எத்தினி கோலு தம்பி?”

“ரெண்டு.”

“பாஸு யாரு குடுத்தா?”

“மச்சான்தான்” என்று தலையைக் குனிந்துகொண்டான். கேப்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முசியே மட்டும் சிரிக்கவில்லை.

“விருந்துக்குப் போவலாம், கறி தின்னலாம். பந்து ஒதைச்சிருக்கக் கூடாது. கப்பு தேங்காய்த்திட்டுக்கு.”

கேப்டன் கை தூக்காமலே எழுந்தார். “திங்கக்கெழம உன் ஸ்கூலுக்கு எந்தப் புள்ள வருதுன்னு பாக்கறேன்” என்றார். அதுவரை ‘நீங்க’ என்று பேசியவர். எல்லோரும் போனபிறகு நர்சம்மா, “கொஞ்சம் யோசிச்சி சொல்லியிருக்கலாம்ல?” என்று மெதுவாகக் கேட்டார். “தேங்காய்த்திட்டுக்காரனும் அதே பெஞ்சிலதான குந்தியிருந்தான்” என்றார் முசியே.

தினமும் காலையில் அவர் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து ‘போன்ஷூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லித்தான் உள்ளே விடுவார். திங்கட்கிழமையும் நின்றார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்ததோடு சரி. அப்புறம் தெரு வெறிச்சென்று கிடந்தது. மஞ்சள் பஸ் ஒருதரம் கடந்து போனது. மணி அடிக்கும் நேரம் வந்து, தாண்டியும் போனது. நான் மணிக் கட்டையை எடுத்தேன். “இரு ஆயா” என்றார். டீச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

அப்போது தெருக்கோடியில் சத்தம் கேட்டது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். ஆளுக்கு ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் புத்தகப் பை. முன்னால் வந்தது கேப்டன் பெண்சாதி.

“அந்தாளு ஆட்டோவ எடுக்கமாட்டேன்னு குப்புறப் படுத்துகினு கெடக்குது முசியே. தெரு புள்ளைங்க அத்தினியயும் நடத்தியே இட்டாந்தோம். லேட்டுன்னு வெளியில நிக்க வெச்சிடாதீங்க.”

பின்னால் வந்தவள் சொன்னாள்: “கப்பு போனா அவங்களுக்குப் போவுது. இதுங்க பகலெல்லாம் வூட்ல இருந்தா எங்க உசுரு இல்ல போவுது!”

முசியே ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்தார். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிப் பிள்ளை உள்ளே போனதும் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். டம்ளர் அவர் பல்லில் பட்டு லேசாகச் சத்தம் போட்டது. அவரிடம் நானாக ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்கு என்னமோ கேட்டுவிட்டேன்.

“பயந்துட்டீங்களா முசியே?”

“உன் கையப் பாரு” என்றார். மணிக் கட்டையை அழுத்திப் பிடித்து என் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். போன உயிர் அந்தச் சிரிப்பில்தான் திரும்பி வந்தது.

முசியே போன மாதம் லீக் வேலையை விட்டார். பாராட்டு விழாவில் என்னையும் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பள்ளியை இப்போது அவர் மகள் நடத்துகிறாள், மேலே ஒரு மாடியும் எழும்பிவிட்டது. கேப்டனுக்கும் தலை நரைத்துவிட்டது. விழாவில் மாலை போட்டுவிட்டு, முசியேவின் காதருகே குனிந்து, “அந்தக் கப்பு எங்களுதுதான்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முகம் அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் கோபம் துளியும் குறையவில்லை. அவர் பேத்தி இப்போது எங்கள் யு.கே.ஜி.யில் படிக்கிறாள். தினமும் அவரேதான் ஆட்டோவில் கொண்டுவந்து விடுகிறார்.