படி வளைவில் ஒரு மாடம்

மகள் நேற்று ஃபோனில் ஒரு வீட்டு விளம்பரம் அனுப்பியிருந்தாள். "அப்பா, யூ லிவ்ட் ஹியர், ரைட்?" ஜெர்சி சிட்டியில் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய செங்கல் வீடுகளில் ஒன்று. வாசலில் உயரமான கல்படிகள், கதவுக்கு மேலே விசிறி மாதிரி அரைவட்டக் கண்ணாடி. பார்த்ததும் என் கை தானாக நெற்றிக்குப் போனது. கல்யாணத்துக்கு முன்பு அந்த வீட்டின் உச்சி அறையில்தான் நானும் நண்பன் சிவாவும் வாடகைக்கு இருந்தோம். அதன் சாய்வுக் கூரையில் நான் இடித்துக்கொள்ளாத நாளே கிடையாது.

சிவாவின் அப்பா, எனக்கு அங்கிள், பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் மகனோடு இருக்க வந்தவர் நயாகராவைக்கூட அவ்வளவு ரசிக்கவில்லை, இந்த வீட்டைத்தான் ரசித்தார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். பழைய மரத்தை மோந்து பார்ப்பார். "கீழ பன்னெண்டடி. மேல போகப் போக ஒசரத்தக் கொறச்சுட்டே வந்துருக்கான் பாரு. உச்சி ரூம் வேலக்காரங்களுக்கு. ஒங்களுக்குச் சரியான எடந்தான் குடுத்துருக்கான்" என்று சிரிப்பார்.

படி வளைந்து திரும்பும் இடத்தில், இடுப்பு உயரத்தில், சுவருக்குள் ஒரு குழிவு இருந்தது. "அட, இவனும் மாடம் வச்சுத்தான் கட்டிருக்கான்" என்று சொல்லி, ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பிள்ளையாரை அங்கிள் அதில் வைத்துவிட்டார். முதல் நாள் கற்பூரம் ஏற்றி, ஸ்மோக் அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் பேட்டரி விளக்குதான். காலையும் மாலையும் அங்கே நின்று கும்பிடுவார். சிவாவின் கிரீன் கார்டுக்காக வேண்டுகிறவர், பாவம், என்னுடையதையும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது வீட்டுக்கார அம்மாள் என்னிடம் சொன்னார், அது மாடம் இல்லையாம். அந்தக் காலத்தில் மாடி அறையிலேயே உயிர் போகும். சவப்பெட்டியை இறக்கும்போது வளைவில் திருப்ப வேண்டுமே, அதற்காக விட்ட இடமாம். நிஜமோ, கட்டுக்கதையோ தெரியாது. அங்கிளிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? சிவாவிடமும் சொல்லவில்லை.

குளிர் விடாத ஒரு காலையில் அங்கிளுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். அவருக்கு நல்ல நினைவு இருந்தது. நான் முன்னால் ஓடி, யாரும் கேட்பதற்கு முன்பே, குழிவிலிருந்து பிள்ளையாரை எடுத்துவிட்டேன். வளைவில் வந்தபோது அங்கிள் அதைப் பார்த்தார்.

"அவர ஏம்ப்பா எடுக்குற?"

ஸ்ட்ரெச்சர் சுலபமாகத் திரும்பிவிட்டது. குழிவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடம் மிச்சம். பிள்ளையாரை எடுத்திருக்கவே வேண்டாம்.

அங்கிள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. "பிள்ளையாரு உங்கிட்டயே இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டுச் சிவா அந்த வீட்டைக் காலி செய்தான். இப்போது சான் ரமோனில் இருக்கிறான். பண்டிகைக்குப் பேசிக்கொள்கிறோம். அந்தக் காலையைப் பற்றி மட்டும் இன்றுவரை பேசியதில்லை. நான் ஏன் எடுத்தேன் என்று அவன் கேட்டதுமில்லை.

விளம்பரப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். கதவுக் கண்ணாடி அப்படியே இருக்கிறது. உள்ளே அறைகளை இடித்து ஒரே ஹாலாக்கிவிட்டார்கள். படி வளைவில் சுவரை மட்டமாகப் பூசி வெள்ளை அடித்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். குழிவு இருந்ததற்கு ஒரு தடம்கூட இல்லை.

பிள்ளையார் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மற்ற சாமிகளை எல்லாம் இறக்கித் துடைப்பேன். அவரை மட்டும் இருந்த இடத்திலேயே வைத்துத் துடைக்கிறேன்.