ஃபைபர் வீணை

எங்கள் மேனாம்பேட்டில் ஒருவர் இருந்தார். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபைபர் ஹெல்மெட் செய்யும் வேலை. கண்ணாடி நார் குத்தி எந்நேரமும் கையைச் சொறிந்துகொண்டே இருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் வீணை வாசிப்பது போலிருக்கும்.

அந்த வீணையையே ஃபைபரில் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அச்சு எடுக்கப் பாட்டு டீச்சரின் வீணையை இரவல் வாங்கினார். வீட்டிலேயே அதன் குடத்தின்மேல் நாரைச் சுற்றி ரெசின் பசையைப் பூசினார். ஒட்டாமலிருக்க முதலில் மெழுகு தடவ மறந்துவிட்டார். காய்ந்தபின் அது கழலவே இல்லை.

"இன்னா அண்ணாத்தே, வீணைக்கு ஹெல்மெட் மாட்டிட்டியா?" என்றேன்.

"கம்முனு கெடடா. டீச்சரு வந்துகினு கீறாங்க."

டீச்சர் வந்து தந்தியை மீட்டினார். பிளாஸ்டிக் வாளியைத் தட்டியது போலக் கேட்டது.

"இது என் வீணையே இல்ல. எனக்கு வேற வாங்கிக் குடுங்க" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் அண்ணாத்தே வேலைக்கு நடந்து போனார்.

"சைக்கிள் எங்க அண்ணாத்தே?"

"டீச்சருக்கு வீணை வாங்க வித்துட்டேன்" என்று சிரித்தார். "ஆனா நீயும் கேட்ட இல்ல? அது அவங்க வீணை இல்லியாம். அப்போ நான் செஞ்சதுதான?"