வேன் அக்கா போன கூட்டம்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளைப் பிள்ளைகளும் பெற்றவர்களும் ‘வேன் அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். வீட்டிலும் அவளை அக்கா என்று கூப்பிட ஒரு தம்பி இருந்தான். அம்மா போனபின் அவர்கள் இருவர்தான்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. கடுகளவு திருகாணியையும் கண் மூடித் திறப்பதற்குள் மாட்டிவிடுவான். குடி அந்தக் கையில்தான் முதலில் கை வைத்தது. காலையில் விரல்கள் உதறும். உதறல் நிற்கக் கொஞ்சம் குடிப்பான். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அலமாரி துடைக்கிற வேலைக்கு அவனை மாற்றினார்.

அவள் திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். விட வேண்டுமென்றுதான் அவனும் சொல்வான். சாயங்காலமானால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, போனில் தேடினாள். கிடைத்த ஒரு எண்ணை யாரும் எடுக்கவில்லை. இன்னொன்று எங்கோ தொலைவில் இருந்தது. கடைசியில் மருந்துக்கடைக்காரரிடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டாள். அவர் தலை நிமிராமலே, நூலகத்துக்குப் பின்னால், மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் என்றார். மூன்றாவது படி உடைந்திருக்கும், பார்த்து ஏறுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். போய்வந்த கால்தான் அது என்று அவளுக்குப் புரிந்தது.

எப்படிப்பட்ட இடம் என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று முதலில் தனியாகப் போனாள். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பிளாஸ்கில் டீ. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்தான் அங்கே மூத்தவர்.

“வாங்கம்மா. படியேறி வந்தீங்களே, அதுவே பெரிசு” என்று டீயைக் கையில் கொடுத்தார்.

விவரம் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். “எங்க வீட்ல... குடி...” என்று இழுத்தாள். அவள் முடிப்பதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ‘குடிப்பது நான் இல்லை’ என்று சொல்வது, பிடித்த கையை உதறுவதுபோல இருந்தது. சும்மா இருந்துவிட்டாள்.

எதிர்ப்பக்கம் பார்த்தபோதுதான் டீ புரையேறியது. அவள் வேனில் வரும் ஒரு சிறுமியின் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். அவரும் அவளைப் பார்த்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்தச் சிறுமி வாசலில் நிற்கவில்லை. அப்பாவே ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டார். மற்ற பிள்ளைகள் எப்போதும்போல வந்தார்கள். மனிதர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் பெற்ற மனசு பிள்ளையை அனுப்பவும் விடவில்லை. அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று நினைத்தபடி வண்டியைக் கிளப்பினாள்.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளும் சிரித்தாள். பிறகு அவன் முகம் மாறியது.

“நான் இல்லன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா வேற யாருன்னு கேப்பாங்க. உன்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா?”

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். மழித்த இடத்தில் இரண்டு வெட்டு.

“கெளம்புக்கா. என்னால உன் பேரு கெடக்கூடாது.”

மாடியில் அவன் உட்காரக்கூட இல்லை. “எங்க அக்கா ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லங்க. குடிக்கிறது நான்தான்” என்றான். அக்காமேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் வந்தான். சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கதவைப் பார்த்தான். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. தபால்காரர் ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

“உக்காருங்க தம்பி. நானும் அதுதான்.”

இறங்கும்போது சிறுமியின் அப்பா படியிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் செய்ததுதான் சரி என்றாள் அவள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று தபால்காரர் அவனை முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு முறை சறுக்கினான். இரண்டாம் முறை மதுக்கடை வாசலில் நின்றே தபால்காரருக்குப் போன் செய்து, வந்து கூட்டிப்போகச் சொன்னான். மழைக்காலம் முடிவதற்குள் முதலாளி அவனை லென்ஸ் மேசையில் மறுபடி உட்காரவைத்தார்.

குடும்பத்தாருக்கென்று புதன்கிழமை தனிக் கூட்டம் உண்டு என்று தபால்காரர் அவளிடம் பலமுறை சொன்னார். எனக்கென்ன குறை என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தவள், ஒருநாள் போனாள். தம்பியைப் பற்றித்தான் பேச நினைத்தாள். வாயிலிருந்து வந்ததோ வேறு. இத்தனை வருஷமாக வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் போக மனசில்லாமல் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதது அது.

“நான் மொட்டைமாடில உக்காந்துப்பேன்” என்றாள் முன்பின் தெரியாத ஒருத்தி. அவ்வளவுதான், அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது தம்பி அவளுக்காக முட்டை பொரித்து மூடி வைத்திருந்தான். அவளுடைய வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தான்.

“கொஞ்சம் தீஞ்சிடுச்சுக்கா” என்றான்.

“பரவால்ல, போடு” என்று தட்டை நீட்டினாள்.