எட்டரை மணிப் பச்சமுத்து

செஞ்சி தாலுகா ஆபீஸ் கொல்லையில், கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருந்தது. ஒரு புனலும் அடியில் ஒரு குடுவையும், அவ்வளவுதான். காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, விழுந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். மழை பெய்யாவிட்டாலும் திறந்து பார்த்துச் சைபர் போட வேண்டும். தீபாவளி, பொங்கல், சாவு எதற்கும் விலக்கு கிடையாது. 1952 முதல் அந்த வேலை பியூன் பச்சமுத்துவின் தலையில் விழுந்தது. சொந்தத் தம்பி பெரியதம்பியின் கல்யாணத்துக்கே எட்டரை முடிந்துதான் பஸ் பிடித்தார். தாலி ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தார். பெண்டாட்டி செத்த மறுநாள் சைபர் போட்டுவிட்டுத்தான் பால் தெளிக்கப் போனார்.

பிள்ளை குட்டி இல்லை. அவளும் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்து முடித்ததும் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டுவார். ஆளில்லாத மனுஷனுக்கு எண்களும் ஒரு துணைதானே. அப்படிப் புரட்டும்போதுதான் அவருக்கு ஒன்று பட்டது. மழை தாறுமாறாக வரவில்லை. பத்து நாள் கூட்டமாக வருகிறது, பிறகு பக்கம் பக்கமாகச் சைபர், மறுபடி ஒரு கூட்டம். ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க நாற்பது, நாற்பத்தைந்து நாள் ஆகிறது. மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு மழை வந்தே தீரும் என்று ஊரே அடித்துச் சொல்லும். இவர் எண்ணிப் பார்த்தார். மூன்று அமாவாசைக்கு இரண்டு மழைதான் வந்திருந்தது. ஆபீஸில் சொன்னார். "மழைக்காரருக்கு மூள காஞ்சிடுச்சி" என்று சிரித்தார்கள்.

சிரிக்காமல் கேட்டவன் பெரியதம்பி ஒருவன்தான். அவனுக்கு வல்லத்தில் ஒரு காணி குத்தகை நிலம். வானத்தை நம்பி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவன். 1962 ஆடியில் தூறல் விழுந்து மண் லேசாக நனைந்திருந்தது. இப்போதே விதைக்கலாமா, பெரிய மழைக்குப் பொறுக்கலாமா என்று அண்ணனைக் கேட்க வந்தான்.

"வர்ற வெள்ளிக்கிழம நாப்பத்திரெண்டாவது நாளு. தைரியமா போடு" என்றார் பச்சமுத்து.

போட்டான். அந்த வெள்ளி போனது, அடுத்த வெள்ளியும் போனது. முளைத்ததெல்லாம் கருகியது. அறுபதாம் நாள் கொட்டியது மழை, யாருக்காக என்றே தெரியாமல். பெரியதம்பி பெண்டாட்டி ஆண்டாளைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் கூலிக்குப் போனான். போகிற வழியில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். அதோடு பேச்சு நின்றது.

யாரைக் குற்றம் சொல்வது? எழுபதுகளில்தான் விஞ்ஞானிகளுக்கே அது பிடிபட்டது. இந்து மகா சமுத்திரத்தின் மேல் பெரிய மேகத்திரள் ஒன்று கிளம்பி, பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கே நகர்கிறதாம். அது நெருங்கும்போது மழை பலக்கும், கடந்து போனால் வானம் வெளிறும். சுற்றி மறுபடி வர முப்பது நாளும் ஆகலாம், அறுபது நாளும் ஆகலாம். சில தடவை பாதியிலேயே கலைந்தும் போகும். இதையெல்லாம் அப்போது செஞ்சியில் ஒரு பியூனுக்கு யார் வந்து சொல்வார்கள்? அவர் நாற்பத்திரண்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினார், தம்பியைப் பறிகொடுத்தார்.

ஆனாலும் எண்ணுவதை விடமுடியவில்லை. 1966 ஆடி. பெரியதம்பி வல்லம் திரும்பி அதே காணியை உழுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தார். போன மழை தொடங்கி முப்பத்தொன்பதாம் நாள், ராஜகிரிக் கோட்டை மலை உச்சியில் மேகம் கட்ட ஆரம்பித்தது. போய்ச் சொன்னால் மறுபடி பொய்க்கலாம். சொல்லாமல் இருந்து மழை வந்துவிட்டால், தெரிந்தும் வாயை மூடிக்கொண்ட பாவி ஆவார். உண்மையில் அவருக்கு மழை இரண்டாம் பட்சம். தம்பி இனிமேல் ஒரு வார்த்தையாவது பேசுவானா என்பதுதான் நான்கு வருஷமாக அவரை அரித்தது. எட்டரைக்குச் சைபர் போட்டுவிட்டு வல்லம் பஸ் ஏறினார்.

வாசலில் ஆண்டாள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "வா மாமா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"வெதைக்கா?"

"அவுருதான் ஒடைக்கச் சொன்னாரு. இன்னா கணக்கோ, அந்தச் செவுத்தப் பாரு மாமா."

சுவரில் கரிக்கோடுகள், ஐந்தைந்தாக. அப்படி ஐந்தைந்தாகப் போட்டு எண்ணத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இத்தனை நாளும் இவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பச்சமுத்து விரல் வைத்து எண்ணினார். முப்பத்தெட்டு.

பெரியதம்பி பக்கத்தில் ஏருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம், என்மேல்தான் தப்பு என்று சொல்லியிருக்கலாம். பாழும் வாயில் வந்தது வேறு.

"ஒரு கோடு கொறையுது."

பெரியதம்பியின் கை நின்றது. "கொறையல. செஞ்சியில பேஞ்ச அன்னிக்கு இங்க ஒரு பொட்டு வுழல. மறுநாள்தான் பேஞ்சுது. உன் கணக்குல வல்லம் எங்க இருக்குது?"

நான்கு வருஷம் கழித்து வந்த முதல் பேச்சு. பதினான்கு வருஷமாகப் பச்சமுத்து அளந்தது ஆபீஸ் கொல்லையில், ஒரு புனல் வாயில் விழுந்த தண்ணீரை. அதை வைத்துத் தம்பியின் காணிக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

"இல்லதான்" என்றார்.

ஆண்டாள் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு ரோட்டுக்கு நடந்தார். பெரியதம்பி கூட வரவில்லை.

ஆறு நாள் கழித்துச் செஞ்சியில் முப்பத்தோரு மில்லிமீட்டர் பெய்தது. அளந்து எழுதினார். வல்லத்தில் பெய்ததா என்று கேட்க ஆளில்லாமல் இரண்டு நாள் வெறுமனே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. கோணல் கோணலாக, மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து. "வல்லம். செவ்வாய்க்கிழம. ஏர் பூட்ற அளவு மழ." நலமா என்று ஒரு சொல் இல்லை, கையெழுத்துகூட இல்லை.

ஆபீஸ் பதிவேட்டில் அதற்கு இடம் கிடையாது. பச்சமுத்து தன் சொந்த நோட்டை எடுத்து, செஞ்சிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து, மேலே வல்லம் என்று எழுதினார். செவ்வாய்க்கிழமைக்கு நேராகக் கார்டில் இருந்ததை அப்படியே எழுதினார். அதற்குக் கீழே புதன், வியாழன் எல்லாம் காலியாகக் கிடந்தன. அங்கே அவர் சைபர் போடவில்லை. அடுத்த கார்டு வரட்டும் என்று விட்டுவைத்தார்.