கிளாக்கருக்காகச் சுட்ட கறிமிளகாய்

காலையில் தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் என் மனைவியை ‘மூதேவி’ என்று விரட்டினார் பெரிய கிளாக்கர். தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவில் சமையல்காரனான நான், கிளாக்கரும் சாப்பிட வரும் விருந்து நாளுக்காகக் காத்திருந்தேன்.

அன்று காரமில்லாத பெரிய கறிமிளகாய் இரண்டுக்குள் சீஸ் அடைத்து அவணில் சுட்டேன். ஒன்றில் மட்டும் நாக்கைச் சுடும் கொச்சிக்காயை அரைத்துத் திணித்தேன். தொரை முதலில் எடுப்பார், மிஞ்சுவதுதான் கிளாக்கருக்கு. ஆகவே நல்லதை முன்னால் வைத்து, காரமானதைத் தட்டின் பின்பக்கம் தள்ளி வைத்தேன்.

“கிளாக்கர், இன்னைக்கு நீ முதல்ல எடு!” என்றார் தொரை.

நான் தட்டை நீட்ட, கிளாக்கர் முன்னாலிருந்த நல்லதை எடுத்துக்கொண்டார். தொரை மற்றதைப் பாதி வெட்டி வாயில் போட்டார். முகம் சிவந்தது. முருகனைக் கூப்பிட்டபடி நான் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கினேன்.

தொரை கண்ணீரோடு சிரித்தார். “ரொம்ப நல்லாருக்கு! மத்தப் பாதி நீ சாப்பிடு, கிளாக்கர்.”

“அருமைங்க தொரை” என்று விழுங்கிய கிளாக்கர், மூக்கு ஒழுக என்னிடம் தண்ணீர் கேட்டார். மிக மெதுவாக நடந்துபோய்க் கொடுத்தேன்.

பழிவாங்கத்தான் அப்படி நடந்தேன் என்று என் மனைவி இன்றும் பெருமைப்படுகிறாள். கால் நடுங்கியதை அவளிடம் சொல்லவில்லை.