மாமாவைத் தேடி வந்த மிஸ்ஸி

மிஸ்ஸி எங்கள் மாமாவைக் கலியாணம் முடிக்கப் போகிறார் என்ற கதையை ஒழுங்கை வீடுகளில் முதலில் கிளப்பியவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. என்னிடம் போதுமான ஆதாரங்கள் இருந்தன.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா கட்டாரில் வேலை செய்த வருடங்களில் அவர்தான் எங்களோடு இருந்தார். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துவது அவர் தொழில். ஒரு மாரிகாலம் முழுக்க இருமினார், மெலிந்தார், ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வந்தார். காசநோய் என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாமாவுக்கு நெஞ்சில் சளி, அதை வெளியில் கதைக்கக் கூடாது என்றார் அம்மா. அதற்கடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மிஸ்ஸி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸ்ஸி என்போம். அம்மா கேட்டுக்கொண்டபடி அவர் வெள்ளைச் சீருடை இல்லாமல்தான் வந்தார். அம்மா வீட்டில் தையல் தைப்பவர். "ஆரும் கேட்டா, சட்டை தைக்க வாற அக்கா எண்டு சொல்லு" என்று எனக்கு உத்தரவு. ஆனால் மிஸ்ஸி ஒருநாளும் துணி கொண்டு வந்ததில்லை. முற்றத்தில் இரண்டு கதிரை போடச் சொல்லி, மாமாவை எதிரே இருத்தி, மருந்துக் குளிசைகளை அவர் உள்ளங்கையில் வைப்பார். கடைசிக் குளிசை இறங்கும்வரை முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். பிறகு சாப்பிட்டீங்களா, சத்தி, வாந்தி ஏதும் வந்ததா, இரவு நித்திரை வந்ததா என்று கேட்பார். ஒரு பெண் தினமும் வந்து ஓர் ஆணின் முகத்தையே பார்த்து, நித்திரை வந்ததா என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் தொலைக்காட்சி நாடகங்களில் கற்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் தங்கள் தாய்மாரிடம் சொன்னார்கள்.

இரண்டு மாதத்தில் மாமாவின் இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. ஒரு திங்கட்கிழமை மிஸ்ஸி வந்தபோது மாமா வீட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை.

"அவனுக்கு இப்ப நல்ல சுகம் மிஸ்ஸி. வேலைக்குப் போயிட்டான்" என்றார் அம்மா.

"எங்க போனவர்?"

அம்மா கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

மிஸ்ஸி சத்தம் போடவில்லை. "அக்கா, இருமல் நிண்டா வருத்தம் போயிட்டுது எண்டில்ல. அரைவாசியில விட்டா திரும்பி வரும். பிறகு இந்தக் குளிசை கேளாது. அவரோட நிக்காது, இந்தப் பிள்ளைக்கும் தொத்தும்." சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் மட்டும்தான் கேட்டது. காதலர்கள் பிரிந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, "மாமா இறக்கக்கண்டிக் கடற்கரையில நிக்கிறார்" என்று போட்டு உடைத்தேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. "அங்க வேலை செய்யிற ஆக்களுக்குத் தெரிஞ்சா அவனைக் கிட்டவும் எடுக்கமாட்டினம் மிஸ்ஸி" என்றார்.

"என்ர வாயால தெரிய வராது. பிள்ளை இடத்தைக் காட்டட்டும்."

பள்ளிக்கூட விடுமுறை. ஸ்கூட்டியின் பின்னால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிலாவெளி தாண்டிப் போனேன். நாடகத்தின் கடைசிக் காட்சிக்குப் போகிற உற்சாகத்தில் இருந்தேன். அன்று மிஸ்ஸிக்கு லீவு நாள் என்பது வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

கரையில் நாலைந்து பேர் சுற்றி நிற்க, மாமா ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தார். எங்களைக் கண்டதும் இன்னும் குனிந்துகொண்டார்.

"ஆரடாப்பா இது? உன்னைத் தேடியோ?" என்று ஒருவர் கேட்டார்.

மாமாவின் கை அப்படியே நின்றது. மிஸ்ஸி கைப்பையைப் பிடித்தபடி நின்றார். நான்தான் வாய் திறந்தேன்.

"மாமா, அக்காவை ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்? அவ உங்களைத் தேடி ரெண்டு நாளா வீட்ட வந்தவ. அழப் பாத்தவ."

கரையே சிரித்தது. ஒருவர் விசிலடித்தார். மிஸ்ஸியின் முகம் சிவந்தது. "நான் கிளினிக்கிலிருந்து வருகிறேன்" என்று மிஸ்ஸி ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை.

"ஓம், இவரோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றார்.

கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் மாமா குளிசைகளை விழுங்கினார். "எல்லாருக்கும் முன்னால உங்கட பேர்..." என்று தொடங்கினார்.

"அதை விடுங்கோ. நாளைக்கு ஏழு மணிக்கு வீட்ட நில்லுங்கோ."

மாமா நின்றார். அடுத்த நான்கு மாதமும் ஒருநாள் தவறாமல் நின்றார். கதையும் அதற்கேற்ப வளர்ந்தது. ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் கடையடியில் நிற்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் மிஸ்ஸியின் தாயார் வந்து படலையடியில் நின்று அம்மாவோடு வெகுநேரம் கதைத்தார். மிஸ்ஸிக்கு வந்த சம்பந்தம் ஒன்று தவறிப்போனதாம். "உங்கட மகளில ஒரு பிழையும் இல்லை" என்று மட்டும் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மிஸ்ஸியின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாள் ஏழு மணிக்கு மிஸ்ஸி வழமைபோல வந்தார்.

கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லையென்று வந்தது. "இனி நான் வரத் தேவையில்லை" என்று மிஸ்ஸி வாய் நிறையச் சிரித்தார். மாமா எழுந்து நின்றார். பிரியும்போது இப்படிச் சந்தோஷப்படுகிற காதலியை நான் எந்த நாடகத்திலும் கண்டதில்லை. அவர் கையசைத்தபோது நான் உள்ளே போய்விட்டேன்.

சில மாதம் கழித்து பஸ் நிலையத்தில் அவரைக் கண்டோம். மிஸ்ஸி எனக்கு முன்னால் குனிந்து, "மாமா இப்ப இருமுறாரா?" என்று கேட்டார்.

"இல்லை. உங்களுக்கென்ன?" என்றேன்.

அம்மா என் தோளில் கிள்ளினார். மிஸ்ஸி மட்டும், மிக நல்ல செய்தி கேட்டவர்போல உரக்கச் சிரித்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். ஓர் ஆளைக் கைவிட்டுவிட்டு எப்படி இப்படிச் சிரிக்கிறா என்று வீடு வந்து சேரும்வரை அம்மாவை நச்சரித்துக்கொண்டே வந்தேன்.