நான் வேண்டாம் என்ற கைப்பிடி

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் லாக்கரைத் திறந்து கைப்பேசியைப் பார்த்தேன். நான் வேலை செய்யும் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இயந்திரத்தின் அருகே கைப்பேசி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. மலேசியாவில் தங்காக்கிலிருந்து கனகவல்லி அக்காவின் மகள் திவ்யா ஐந்து முறை அழைத்திருந்தாள். திருப்பி அழைத்தேன்.

"அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலையில கடைய தொறந்துட்டு நாற்காலியில உக்காந்தாங்க. அவ்ளோதான்."

அழுது முடித்துவிட்ட குரல். "வர்றேம்மா" என்று மட்டும் சொன்னேன். மேலாளரிடம் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எல்லைப் பாலத்தில் அன்றும் நெரிசல். பேருந்தில் நின்றபடியே ஜொகூர் கரைக்கு வந்தபோது துக்கத்தைவிட அயர்ச்சிதான் பெரிதாக இருந்தது. பதினான்கு ஆண்டுகள் பழகிய ஒருவருக்காக அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது எனக்கே வெட்கமாகப் பட்டது. அவர் இருந்திருந்தால், "மொதல்ல தூங்கு சேகர், அப்புறம் அழுவலாம்" என்றிருப்பார்.

திருமதி கனகவல்லி அவர்களைத் தங்காக்கில் பலருக்கும் திரைச்சீலை தைப்பவராகத்தான் தெரியும். துணிக்கடைகள் நிறைந்த அந்த ஊரில், ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இரண்டு தையல் இயந்திரங்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு முன் யோங் பெங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் துணைக் காவலராக வேலை பார்த்தவர். அங்கேதான் முதன்முதலில் துப்பாக்கியைப் பிடித்தார். கணவர் இறந்து, மகளும் ஓரளவு வளர்ந்தபின், நாற்பது வயதுக்கு மேல் எங்கள் சுடும் விளையாட்டுக் கிளப்பில் வந்து சேர்ந்தார்.

எங்களுடையது நின்ற இடத்திலிருந்து சுடும் விளையாட்டு அல்ல. ஓடி, குனிந்து, பலகைத் தடுப்புகளின் துளைகள் வழியே காகித அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் நேரக் கணக்கோடு சுட வேண்டும். முதல் நாள் அவர் பூப்போட்ட திரைச்சீலைத் துணியில் தைத்த பையோடு வந்தார். யாரோ சிரித்தார்கள். "என்னா சிரிப்பு? உள்ள இருக்கறதுக்குப் பூ போட்டாலும் வெடிக்கும் லா" என்றார். அடுத்த ஆண்டுக்குள் எங்களில் நான்கு பேர் அவரிடம் பை தைத்து வாங்கியிருந்தோம்.

வாரம் ஆறு நாள் தையல், ஏழாம் நாள் போட்டி. தம் முறை முடிந்ததும் காரின் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். "ஏங்க்கா இவ்வளவு கஷ்டப்பட்டு வர்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ஊட்லயும் அசதி, கடையிலயும் அசதி. இங்க வந்தா அந்த இருபது செகண்டு ஒன்னும் தெரியல, சேகர்" என்றார். நானும் அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. கனத்த துணியை இழுத்து இழுத்துத் தைத்த கைகள். வாதம் என்றார் மருத்துவர். முதல் குண்டை ஏற்றுவதற்குத் துப்பாக்கியின் மேலுள்ள ஸ்லைடு என்ற இரும்புப் பகுதியைப் பின்னால் இழுத்து விட வேண்டும். அதன் ஸ்பிரிங் முறுக்கானது. போதாததற்கு, கிளப்பை விட்டுப் போன ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய துப்பாக்கியில் குறிபார்க்கும் கண்ணாடி ஸ்லைடுக்கு மேலேயே நின்றது. பிடித்து இழுக்க விரலுக்கு இடமில்லை.

ஒரு ஞாயிறு என்னிடம் வந்து, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஸ்லைடின் பக்கவாட்டில் திருகி வைக்கும், சுண்டுவிரல் அளவுள்ள ஒரு கைப்பிடி. ரேக்கர் என்பார்கள். கிளப்பில் பலர் வைத்திருந்தார்கள்.

"இது போடலாமா சேகர்? நீ இரும்பு வேலை செய்யற ஆளு. சொல்லு."

நான் நிறையச் சொன்னேன். ஸ்லைடில் ஒரு பக்கம் மட்டும் எடை கூடும், அது போய்வரும் வேகம் மாறும் என்றேன். தடுப்புத் துளையில் மாட்டும், கட்டை விரலைக் கிழிக்கும் என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் கடைசியாக ஒன்று சொன்னேன்: "அழகாவே இருக்காதுக்கா. உங்களுக்கு எதுக்கு அது? வேணாம்."

அவர் கையை நான் பார்க்கவே இல்லை. படத்தை மட்டும்தான் பார்த்தேன்.

"நீ சொன்னா சரி" என்று கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் போட்டி. பெண்கள் பிரிவில் அவருக்கு இடம் கிடைக்கும் என்று எல்லாரும் நம்பினோம். மூன்றாவது களத்தில் கண்காணிப்பு அதிகாரி நான். குண்டேற்றித் தயாராகும்படி கட்டளை கொடுத்தேன். அவர் ஸ்லைடை இழுத்தார். பாதி வந்து நழுவியது. மறுபடி இழுத்தார், வரவில்லை. முகத்தில் வியர்வை. மூன்றாம் முறை துப்பாக்கியை வயிற்றோடு அணைத்து, உடம்பைத் திருப்பி, முழுப் பலத்தோடு இழுத்தார். துப்பாக்கியின் வாய் பக்கவாட்டில் திரும்பி, ஆட்கள் நிற்கும் திசைக்கு வந்துவிட்டது.

"ஸ்டாப்!" என்று கத்தினேன்.

இந்த விளையாட்டில் அதற்கு மன்னிப்பே கிடையாது. அன்றைய போட்டியிலிருந்து தகுதி நீக்கம். தகுதி நீக்கத் தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் குண்டு அடுக்கிய மேகசினைக் கழற்றினார். துப்பாக்கி காலி என்பதைக் காட்டினார். "சாரிக்கா" என்றேன். "ரூல் ரூல்தானே" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். அன்று அவர் காரில் தூங்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கிளப்புக்கு வரவில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலும் இல்லை. ஒரு சனிக்கிழமை நான் குடியிருக்கும் யோங் பெங்கிலிருந்து தங்காக்குக்கு வண்டியை ஓட்டிப் போனேன். கடையில் திவ்யா இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணியில் ஊசி குத்த முயன்றுகொண்டிருந்தார். குண்டூசி விரல்களுக்கிடையே நிற்காமல் இரண்டு முறை கீழே விழுந்தது.

"அன்னைக்கு ஸ்டாப் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்கக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு எதுக்குடா மன்னிப்பு? நீ ஸ்டாப் சொன்னது சரி. சொல்லாம வுட்டிருந்தா ஒன்னோட பேசியே இருக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு நாளு வேணாம்னு சொன்னியே, அதான் தப்பு."

தரையில் கிடந்த குண்டூசியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா? சட்ட பட்டன் போட முடியல சேகர். எம்மவதான் போட்டு விடுது. அத ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அழகா இல்லன்னு வேற நீ சொல்லிட்டே."

திவ்யா இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே, "மைலோ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அந்தக் கைப்பிடியைப் பொருத்திக்கொண்டோம். இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் வளைந்தது. முதல் நாள் களத்தில் அவர் இரண்டு விரலை அதில் கொக்கி போல் மாட்டி இழுத்தார். ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய் டக்கென்று மூடியது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அட்டைகளைப் பார்த்தபடி ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார்.

நான் பயமுறுத்தியதில் ஒன்று நடக்கவும் செய்தது. ஒரு போட்டியில் கைப்பிடி தடுப்புத் துளையின் விளிம்பில் மாட்டி, துப்பாக்கி சிக்கிக்கொண்டது. நான்கு வினாடி போயிற்று. வெளியே வந்ததும், "அலமாக், நீ சொன்ன மாதிரியே மாட்டிக்கிச்சு! சந்தோசமா?" என்று சிரித்தார். மாநிலக் குழுவில் கடைசிவரை அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு வாய்ப்பு போனது போனதுதான். ஆனால் மேலும் மூன்று ஆண்டுகள் சுட்டார். ஒரு கிளப் போட்டியில் என்னை ஆறு புள்ளியில் முந்தினார். அன்று மாலை இருக்கையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, குறட்டைவிட்டுத் தூங்கினார். யாரும் எழுப்பவில்லை.

புதன்கிழமை தகனம் முடிந்தது. கிளப்பிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தோம். இறந்தவரின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். வியாழக்கிழமை கிளப் செயலாளரும் திவ்யாவும் நானும் அதை எடுத்துக்கொண்டு போனோம். மூவருமே சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

முகப்பில் ஓர் இளம் மலாய்ப் பெண் காவலர். காலியாக இருக்கிறதா என்று பார்க்கத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். பக்கவாட்டில் நீட்டியிருந்த கைப்பிடியைக் கண்டு, இது எதற்கு என்று மலாயில் கேட்டார். கை முடியாதவர்களுக்கு என்று சொன்னேன். அவர் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ஸ்லைடு சத்தமில்லாமல் பின்னால் வந்தது.

"செனாங் யா," என்றார். சுலபமாக இருக்கிறதே என்று அர்த்தம்.

ஆமாம் என்றேன். திவ்யா என் தோளில் சாய்ந்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காவலர் ஒன்றும் கேட்காமல் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, படிவத்தில் அக்காவின் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.

அக்கா, கைகளுக்கு இனி வேலை இல்லை. நன்றாகத் தூங்குங்கள்.